முயல் ஏன் புல்லைத் தொடுவதில்லை? கறிமுயல் கணக்கில் வளரும் வீட்டு முயல்கள்

“கேரட்டைக் காட்டினா ஓடி வருது. கம்பெனி தீவனம் போட்டா கிண்ணம் காலியாகிற வரைக்கும் தலையைத் தூக்கறதில்ல. வைக்கோலை வெச்சா மட்டும் ஒரு தடவை மோந்து பார்த்துட்டுத் திரும்பி உட்கார்ந்துக்குது.” வீட்டில் முயல் வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் வந்து விழும் புகார் இதுதான். சொல்லிவிட்டு, “ரொம்ப செல்லம் கொடுத்துட்டோம், அடம் பிடிக்குது” என்று ஒரு சிரிப்பும் சேர்ந்துகொள்ளும்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. புல்லைத் தொடாத முயலுக்குப் பல் கோணலாக வளரும். குடல் மெதுவாகி, ஒரு கட்டத்தில் நின்றே போகும். “நேத்து சாயங்காலம் நல்லாத்தான் இருந்துச்சு, காலையில பார்த்தா செத்துக் கிடக்குது” என்று சொல்லப்படும் கதைகளில் பலவற்றைத் தோண்டிப் பார்த்தால், அந்த முயலின் கிண்ணத்தில் தீவனமும் முட்டைகோஸும் மட்டுமே இருந்திருக்கும்.

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் இருக்கும் மாரண்டஹள்ளி மாதிரியான ஒரு சிறு பேரூரை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் தக்காளி, ராகி, நிலக்கடலை, தென்னை. வரப்பெல்லாம் புல். ஆடு மாட்டுக்கு எந்தத் தழை ஆகும், எது ஆகாது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அப்படிப்பட்ட ஊரிலும் முயலுக்கு மட்டும் நாம் ஏன் தப்பாகவே தீனி போடுகிறோம்? தமிழில் நமக்குக் கிடைக்கும் முயல் அறிவுரை ஏறக்குறைய முழுக்கக் கறிமுயலுக்காக எழுதப்பட்டது என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அது தப்பான அறிவுரை என்று சொல்ல வரவில்லை. வேறு ஒரு முயலுக்கான அறிவுரை, அவ்வளவுதான்.

முதல் குழப்பம் ‘வைக்கோல்’ என்ற சொல்

இணையத்தில் முயலைப் பற்றி ஆங்கிலத்தில் தேடினால் எல்லா இடத்திலும் ‘ஹே’ கொடுங்கள் என்றிருக்கும். அகராதியைப் பார்த்தாலும் மொழிபெயர்ப்புச் செயலியைக் கேட்டாலும் ‘வைக்கோல்’ என்று வரும். நாமும் பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் இருந்து ஒரு கைப்பிடி உருவிவந்து போடுகிறோம். முயல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

முயல் செய்தது சரி. ‘ஹே’ என்பது புல்லைப் பச்சையாக இருக்கும்போதே, பூக்கும் பருவத்தில் அறுத்து, பச்சை நிறம் போகாமல் காயவைத்தது. உலர்புல் என்று சொல்லலாம். நம் வைக்கோல் அப்படி இல்லை. நெல் முற்றி, சத்தையெல்லாம் மணிக்கு அனுப்பிவிட்ட பிறகு மிஞ்சுகிற வெறும் தாள். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஸ்ட்ரா’ என்று தனிச் சொல்லே இருக்கிறது. நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். மாடு அசைபோட்டு, நான்கு அறை வயிற்றில் ஊறவைத்து அதையும் சத்தாக்கிக்கொள்ளும். முயலுக்கு அந்த வசதி இல்லை. யூரியா கலந்து பதப்படுத்திய வைக்கோல் மாட்டுக்கு நல்லது என்று சொல்வார்கள். அதை முயல் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

ஆக, ‘வைக்கோல் தின்ன மாட்டேங்குது’ என்ற புகாரில் பாதி, சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டாலே தீர்ந்துவிடும். வைக்கோல் படுக்கைக்கு நல்லது. தட்டில் வைக்க வேண்டியது புல்.

புல்லுக்கு இவ்வளவு மரியாதை எதற்கு?

பல்லில் இருந்து ஆரம்பிக்கலாம். முயலுக்கு மொத்தம் 28 பற்கள். நகம் மாதிரி அத்தனையும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் மட்டும் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும். அப்படியானால் தினமும் தேய்ந்தாக வேண்டும். புல்லில் உள்ள மணல் போன்ற சிலிக்காவும், புல்லைத் தாடை பக்கவாட்டில் அசைத்து அசைத்து அரைக்கும் விதமும்தான் அந்தத் தேய்மானத்தைத் தருகின்றன. தீவன உருண்டையை முயல் மேலும் கீழுமாக நொறுக்கி விழுங்கிவிடுகிறது. கடைவாய்ப் பல்லுக்கு அதில் வேலையே இல்லை. தேயாத கடைவாய்ப் பல் கூர்முனையாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும். (நம் மாவட்டத்தில் பல் என்றாலே ஃப்ளோரைடு தண்ணீர்தான் நினைவுக்கு வரும். இது அந்தக் கணக்கு இல்லை. ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கிற முயலுக்கும் பல் வளரத்தான் செய்யும்.)

அடுத்தது குடல். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னால் நகர்ந்தே ஆக வேண்டும். அதைத் தள்ளிக்கொண்டு போவது செரிக்காத நீளநார். அந்த நார் உருண்டையான காய்ந்த புழுக்கையாக வெளியே வருகிறது. மீதி நுண்ணிய பகுதி பெருங்குடல்வாய்ப் பைக்குள் போய் நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டு, திராட்சைக் கொத்து மாதிரி மினுமினுப்பான இன்னொரு வகைப் புழுக்கையாகிறது. அதை முயல் ஆசனவாயில் இருந்தே நேராக வாயில் எடுத்துத் தின்றுவிடும். பார்த்தவர்கள் அருவருப்பார்கள், முயலுக்கோ அதுதான் வைட்டமின் மாத்திரை. நார் குறைந்து மாவும் சர்க்கரையும் கூடினால் இந்த ஏற்பாடு முழுக்கக் குலைகிறது. குடல் மெதுவாகும், வாயு சேரும், வலியில் முயல் தின்பதை நிறுத்தும், தின்னாததால் குடல் இன்னும் மெதுவாகும்.

பிரிட்டனின் முயல் நல அமைப்பு சொல்லும் கணக்கு எளிமையானது: உணவில் 85 சதவீதம் புல் அல்லது உலர்புல், 10 சதவீதம் கீரை, தழை, வெறும் 5 சதவீதம்தான் தீவனம். நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழாக இருக்கிறது.

மூன்று மாதக் கணக்கும் பத்து வருடக் கணக்கும்

தமிழ்நாட்டில் முயலைப் பற்றிய அறிவு வந்த வழியைப் பாருங்கள். நீலகிரியில் சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம். வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் விவசாயிகளுக்குப் பரவியதில் இந்த இடங்களின் பங்கு பெரியது. நல்ல வேலை செய்கிறார்கள். ஆனால் அவர்களுடைய கேள்வி, “குறைந்த செலவில் சீக்கிரம் எடை கூட்டுவது எப்படி?” என்பது. கறிக்கு வளர்க்கும் முயல் சுமார் 12 வாரத்தில் 2 கிலோ எடைக்கு வந்து விற்பனைக்குப் போய்விடும். அதற்கு அடர்தீவனம் தாராளமாகப் போட வேண்டியதுதான். அதன் பல் நான்காம் வருடத்தில் என்ன ஆகும் என்று பண்ணைக்காரர் கவலைப்பட வேண்டிய அவசியமே இல்லை. நான்காம் வருடம் என்று ஒன்று அதற்குக் கிடையாது.

வீட்டு முயல் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 8 முதல் 10 வருடம் இருக்கும். அதே பண்ணையில் இருந்து வந்த குட்டியைத்தான் செல்லப்பிராணிக் கடை விற்கிறது. அதே பண்ணையின் தீனிமுறையைத்தான் கடைக்காரர் வாயால் சொல்லி அனுப்புகிறார். “தீவனம் போடுங்க, முட்டைகோஸ் போடுங்க, கேரட் போடுங்க, தண்ணி அதிகம் வேணாம்.” (தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி அறிவுரை எங்கிருந்து கிளம்பியதோ!) விற்கிற நாளில் புல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? விலையோடு சேர்த்து ஒரு கட்டுப் புல்லையும் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்பேன்.

குட்டியின் நாக்கும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. தாய் முயல் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் நாட்களிலும் எதைத் தின்றதோ, அந்த மணமுள்ள உணவைத்தான் குட்டி பிற்பாடு விரும்பித் தேர்ந்தெடுக்கிறது. ஐரோப்பாவில் ஜூனிப்பர் என்ற செடியைத் தாய்க்குக் கொடுத்துச் செய்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. தீவனம் தின்ற தாயின் குட்டி, மாதம் ஒன்று ஆகும்போதே கூண்டில் இருந்து எடுக்கப்பட்டு, புல்லையே பார்க்காமல் நம் வீட்டுக்கு வருகிறது. அதற்குப் புல் என்பது ‘உணவு’ என்றே தெரியாது. இதை அடம் என்று எப்படிச் சொல்வது?

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 32 முயல்களை 17 மாதம் நான்கு விதத் தீனியில் வைத்துப் பார்த்தார்கள். உலர்புல் மட்டும், உலர்புல்லோடு உருண்டைத் தீவனம், உலர்புல்லோடு தானியக் கலவை, தானியக் கலவை மட்டும். கலவை மட்டும் தின்ற முயல்களின் பல் வளைவு மாறியது, உடல் பெருத்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: பக்கத்திலேயே உலர்புல் இருந்தாலும், தானியக் கலவை கிடைத்த முயல்கள் புல்லைக் குறைவாகவே தின்றன. நம் கடைகளில் சூரியகாந்தி விதை, மக்காச்சோளம், கலர் கலரான பிஸ்கட் துண்டு எல்லாம் கலந்து ஜாடியில் விற்கிறார்களே, அதே வகைதான். பார்க்க அழகு. அதை நிறுத்துவதுதான் முதல் வேலை.

டிமோத்தி இல்லாவிட்டால் முயல் வளர்க்கக் கூடாதா?

இன்னொரு பக்கத்து மிரட்டலும் இருக்கிறது. பெருநகர முயல் வளர்ப்பாளர்கள் சிலர், “டிமோத்தி புல் வாங்க முடியலைன்னா முயலே வளர்க்காதீங்க” என்கிறார்கள். டிமோத்தி ஐரோப்பாவில் தோன்றிய குளிர்நாட்டுப் புல். 18ஆம் நூற்றாண்டில் டிமோத்தி ஹேன்சன் என்ற விவசாயி அமெரிக்காவில் அதைப் பரப்பியதால் அந்தப் பெயர். நம் சமவெளியில் விளையாது. கப்பலில் வந்து, பாக்கெட்டாகி, கிலோ பல நூறு ரூபாய்க்கு விற்கிறது. நல்ல புல்தான், மறுக்கவில்லை. ஆனால் முயலின் குடலுக்கு வேண்டியது நீளநாரும் மிதமான புரதமும், பாஸ்போர்ட் இல்லை.

அருகம்புல் இருக்கிறது. கொங்கு நாட்டுக் கொறங்காடுகளில் காங்கேயம் மாடுகள் மேய்ந்து வளர்ந்த கொழுக்கட்டைப் புல் இருக்கிறது. மழை குறைந்த மண்ணிலும் தாங்கும், தண்டு மெல்லியது, நன்றாகக் காயும். தோட்டத்தில் தண்ணீர் வசதி இருந்தால் கினியாப் புல். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் மாட்டுக்காகப் பல தோட்டங்களில் நிற்கிறது. அதன் இலையைக் கொடுக்கலாம், தடித்த தண்டை முயல் தொடாது, சீக்கிரம் காயவும் காயாது. ராகித்தாள் நெல் வைக்கோலைவிடத் தரம் கூடியது. எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லாமல் கிடைக்கும். என்றாலும் அதுவும் தாள்தான், புல்லோடு கொஞ்சம் கலந்துவிடலாம், அதையே முழு உணவாக்க முடியாது.

பச்சைப்புல் தினமும் கிடைக்கிற ஊரில் உலர்புல்லைத் தேடி அலைய வேண்டியதே இல்லை என்பேன். முயல் காட்டில் காய்ந்த புல்லை மட்டும் தின்று வாழ்ந்த பிராணி அல்ல. பச்சைப்புல்லும் அதே பல் வேலையையும் குடல் வேலையையும் செய்யும். ஒரே நாளில் நிறையக் கொடுத்தால் வயிறு கழியும், அதனால் கைப்பிடியில் தொடங்கி இரண்டு வாரத்தில் கூட்ட வேண்டும். உலர்புல் தேவைப்படுவது மாசிக்குப் பிறகு வரப்பெல்லாம் கருகும் மாதங்களில்.

மசால் வகைகளில் ஒரு எச்சரிக்கை. குதிரைமசால், வேலிமசால், அட, பெயரிலேயே ‘முயல்மசால்’ என்று ஒன்றும் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இவை பயறு வகைத் தீவனங்கள். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட வளரும் குட்டிக்கு நல்லது. வளர்ந்த முயல் மிஞ்சிய சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றும். தினமும் மசால் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் சேறு மாதிரி படியும். நிலக்கடலைக் கொடிக்கும் இதே பேச்சு. அதோடு கொடியில் பூஞ்சை ஏறியிருந்தால் ஆபத்து இரட்டிப்பு. பண்ணைக் கையேடுகளில் தீவனப் பட்டியலில் வரும் சவுண்டல் தழையில் மைமோசின் என்ற நச்சு உண்டு. தொடர்ந்து தின்றால் முயலுக்கு முடி கொட்டும். மூன்று மாதக் கணக்கில் இது பெரிதாகத் தெரியாது. பத்து வருடக் கணக்கில் தெரியும்.

புல்லை எங்கே அறுப்பது?

மாரண்டஹள்ளி, பாலக்கோடு, இராயக்கோட்டை வட்டாரம் தக்காளிக்குப் பெயர் போனது. தக்காளி என்றால் மருந்து. செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்து வரப்புப் புல்லிலும் படியும், களைக்கொல்லி அடித்த ஓரத்தில் புல் இரண்டு மூன்று நாள் பச்சையாகவே நிற்கும். தோட்டக்காரரிடம் “அண்ணா, இங்க எப்போ மருந்து அடிச்சீங்க?” என்று கேட்டுவிட்டு அறுப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. அவர் மாட்டுக்கு எங்கே அறுக்கிறாரோ அங்கே அறுப்பதுதான் எனக்குத் தெரிந்து சுலபமான வழி. தக்காளிச் செடியின் இலையும் தண்டும் முயலுக்கு விஷம். வரப்போரம் பிடுங்கிப் போட்ட செடிகள் புல்லோடு சேர்ந்து வந்துவிடும். பார்த்தீனியம், உன்னிச்செடி, எருக்கு, ஊமத்தை, அரளி இலை எதுவும் கட்டில் கலந்திருக்கிறதா என்று ஒரு முறை உதறிப் பார்க்க வேண்டும். இளஞ்சோளப் பயிர் மாட்டுக்கே ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதில் உள்ள சயனைடு முயலுக்கும் ஆகாது.

நம்பி வாங்கலாம் என்று நான் சொல்வது மல்பெரி இலையை. தருமபுரியில் பட்டுப்புழு வளர்ப்பு இருக்கிறது. பட்டுப்புழு மருந்து வாசனை பட்டாலே செத்துவிடும் என்பதால், புழுவுக்குப் போகிற இலையில் விவசாயியே மற்றவர்களைவிடக் கவனமாக இருப்பார். ஒரு கைப்பிடி மல்பெரி இலையின் உபயோகத்தைக் கீழே சொல்கிறேன்.

உலர்த்துவது பெரிய வித்தை இல்லை. பூ எடுக்கத் தொடங்கும்போது அறுக்க வேண்டும். கதிர் முற்றிவிட்டால் அது பாதி வைக்கோல் ஆகிவிட்டது என்று அர்த்தம். காலை பனி காய்ந்த பிறகு அறுத்து, மெல்லிசாகப் பரப்பி, முதல் நாள் வெயிலில் வாடவிட்டு, பிறகு காற்றோட்டமான நிழலில் புரட்டிப் புரட்டிக் காயவைக்கலாம். கொளுத்தும் வெயிலிலேயே விட்டால் நிறமும் மணமும் போய்விடும். முயல் முதலில் பார்ப்பது மணத்தைத்தான். பச்சைப்புல்லில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். அது 15 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். கையில் முறுக்கினால் சரசரவென்று சத்தம் வர வேண்டும், ஈரம் தட்டக் கூடாது. கோணிப்பையில் போட்டு, தரையில் படாமல் பலகை மேல் வைத்தால் போதும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை வாசனை வந்த புல்லை ‘கொஞ்சம்தானே’ என்று கொடுக்கவே கூடாது. குவித்து வைத்துச் சூடேறிய பச்சைப்புல்லும் அப்படித்தான்.

கணக்குப் பார்த்தால் 2 கிலோ எடையுள்ள முயல் நாளுக்கு ஏறத்தாழ 80 முதல் 100 கிராம் உலர்புல் தின்னும். மாதம் 3 கிலோ. அதற்கு 12, 13 கிலோ பச்சைப்புல் அறுத்தால் போதும். ஒரு பெண் தலைச்சுமையாகக் கொண்டுவரும் கட்டில் இது பாதிகூட இருக்காது.

பட்டினி போட்டுப் பழக்கலாமா?

கூடவே கூடாது. “பசிச்சா தானா தின்னும்” என்பது நாய்க்குச் செல்லலாம். முயலின் குடல் வேலை நிறுத்தம் செய்ய ஒரு நாள் போதும்; கொழுத்த முயலாக இருந்தால் கல்லீரலும் கெடும். தீவனத்தைக் குறைப்பதுதான் வழி, ஆனால் மெதுவாக.

முதல் வாரம் தீவனத்தில் கை வைக்க வேண்டாம். புல்லை மட்டும் எல்லா இடத்திலும் போடுங்கள். முயல் எங்கே சிறுநீர் கழிக்குமோ அந்த மூலையில் முக்கியமாகப் போடுங்கள். முயலுக்கு மலம் கழித்துக்கொண்டே மெல்லும் வழக்கம் உண்டு. இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எங்கள் பக்கம் தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் எந்தத் தெருவிலும் கிடைக்கும். ஒன்றின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, அடியில் செய்தித்தாள், ஒரு பாதியில் நெல் வைக்கோல், மறு பாதியில் உலர்புல். இந்தப் பெட்டிதான் கழிப்பிடம், இதுவே சாப்பாட்டு மேசையும். முயலின் உடம்பளவுக்குப் புல் இருக்க வேண்டும். குறைவாக வைத்தால் ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொள்ளும்.

இரண்டாம் வாரத்தில் இருந்து தீவனத்தை நாலில் ஒரு பங்கு குறைக்கலாம். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். வளர்ந்த முயலுக்குக் கடைசியில் கிலோ எடைக்கு 25 கிராமுக்கு மேல் போகக் கூடாது. அந்தத் தீவனத்தையும் கிண்ணத்தில் வைக்காமல் புல்லுக்குள் தூவிவிட்டால், உருண்டையைத் தேடும்போது நாலு புல் வாயில் மாட்டும். தீவனத்தைக் காலையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். வயிறு நிறைந்த முயல் பகல் முழுக்கத் தூங்கும். மாலையில் கொடுங்கள். முயல் சுறுசுறுப்பாக மேயும் நேரம் விடியலும் அந்தியும் தான். கோடையில் இது இன்னும் முக்கியம். 30 டிகிரிக்கு மேல் வெயில் ஏறினாலே முயலுக்குப் பசி மந்தமாகும். ஆராய்ச்சி நிலையங்கள் ஊட்டியையும் கொடைக்கானலையும் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. சித்திரை மாதத்துப் பகலில் புல் தின்னவில்லையே என்று கவலைப்படுவதைவிட, இரவில் புதுப் புல் வைத்துவிட்டுப் படுப்பது பயன் தரும்.

இப்போது மல்பெரி. நிழலில் காயவைத்து, கையால் கசக்கித் தூளாக்கி, உலர்புல் மேல் தூவி நன்றாக உதறிவிடுங்கள். அந்த மணத்துக்கு மூக்கை நுழைக்காத முயல் அபூர்வம். காய்ந்த கொத்தமல்லித் தழை, புதினா, துளசியும் இதே வேலையைச் செய்யும். ஒரு சிட்டிகை போதும். இலையே சாப்பாடாகிவிடக் கூடாது. வெல்லத் தண்ணீர் தெளித்துத் தின்னவைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. அதைச் செய்யாதீர்கள், எந்தச் சர்க்கரையில் இருந்து மீட்கிறோமோ அதையே திரும்பப் பழக்குகிற வேலை.

புல்லை ஒரு நாளில் இரண்டு முறை மாற்றுங்கள். முயல் மிதித்த, சிறுநீர் பட்ட புல்லைத் தின்னாது. பழையதையே எடுத்து உதறிப் போட்டாலும் ‘புதுசு’ என்று நம்பி வருவதும் உண்டு. தண்ணீர் பாட்டிலைவிட மண் சட்டியில் முயல் நன்றாகக் குடிக்கும். உலர்புல் தின்னத் தொடங்கினால் தண்ணீரும் கூடுதலாகக் கேட்கும். கேரட்டை நிறுத்தச் சொல்லவில்லை. விரல்நுனி அளவுத் துண்டு, வாரத்துக்கு இரண்டு முறை. கார்ட்டூன் முயல் கேரட் தின்றதைப் பார்த்து நிஜ முயலுக்குக் கிழங்கு கொடுக்கிறோம். அதைவிட முள்ளங்கி இலையும் கேரட் தழையும் மேல், கடையில் வெட்டிக் குப்பையில் போடுவதைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். சில முயலுக்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். முன்னேற்றத்தைப் புழுக்கை சொல்லிவிடும்: கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக, உடைத்தால் மரத்தூள் மாதிரி உதிர்ந்தால் சரி. மிளகு அளவுக்குச் சுருங்கினாலும், நூலில் கோத்த மாதிரி முடியோடு வந்தாலும், மினுமினுக்கும் கொத்துப் புழுக்கை தரையில் தின்னப்படாமல் கிடந்தாலும் வேகத்தைக் குறைக்க வேண்டும். வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதிவைப்பது நல்லது. மளிகைக் கடைத் தராசே போதும்.

எப்போது இது அடம் இல்லை?

நேற்றுவரை புல் தின்ற முயல் இன்று திடீரென்று விட்டுவிட்டால், மேலே சொன்ன எதையும் முயன்று நேரத்தைக் கடத்தக் கூடாது. புல்லை ஆசையாக எடுத்து வாயில் வைத்துவிட்டுக் கீழே போடுகிறதா, தாடை நனைந்திருக்கிறதா, மெல்லும்போது தலையைச் சாய்க்கிறதா, கண்ணில் நீர் வடிகிறதா? பல்லாக இருக்கலாம். முன்பல்லை மட்டும் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று முடிவு கட்ட முடியாது. குத்துவது உள்ளே இருக்கும் கடைவாய்ப் பல். சுருண்டு உட்கார்ந்து, பல்லை நறநறவென்று கடித்து, புழுக்கையும் நின்றிருந்தால் அது குடல். எதுவும் தின்னாமல், புழுக்கை போடாமல் 12 மணி நேரம் ஆகிவிட்டால் அவசரம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காலை வரை பார்க்கலாம் என்று விட்ட முயல்கள்தான் பெரும்பாலும் காலையைப் பார்ப்பதில்லை.

சிறு ஊரில் இதுதான் உண்மையான சிரமம். உள்ளூர்க் கால்நடை மருந்தகம் மாட்டையும் ஆட்டையும் கோழியையும் பார்த்தே பழகியது. முயலின் கடைவாய்ப் பல்லைப் பார்க்கும் கருவி எல்லா இடத்திலும் இருக்காது. அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். வலி மருந்தும் நீர்ச்சத்தும் அங்கேயே கிடைக்கும், அதுவே பாதி உயிர். பல்லைச் சீர்செய்ய வேண்டும் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓசூர் வழியாக ரயிலேறினால் பெங்களூரு ஹெப்பாளில் இன்னொரு கால்நடைக் கல்லூரி இருக்கிறது. ஒன்றை மட்டும் மரியாதையாக நினைவூட்டிவிடுங்கள்: “டாக்டர், இது முயல், அமாக்ஸிசிலின் மாதிரி மருந்து வாய் வழியா வேண்டாமே.” பெனிசிலின் வகை ஆன்டிபயாடிக்கை வாய் வழியே கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் செத்து, நோயைவிட மருந்தே ஆளைக் கொன்றுவிடும். மெடிக்கல் ஷாப்பில் நாமாக வாங்கிக் கொடுப்பதற்கும் இதுவே பதில்.

போகும்போது முயலைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அதே தக்காளி கிரேட்டில், மேலே இன்னொரு கிரேட்டைக் கவிழ்த்துக் கட்டி, உள்ளே ஒரு கை புல் போட்டுக்கொண்டு போங்கள். வழியில் இரண்டு புல்லைக் கடித்தால்கூட அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய நல்ல செய்தி. கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு காகிதத்தில் மடித்தும், நீங்கள் கொடுக்கும் தீவனத்தில் ஒரு பிடியும் எடுத்துக்கொள்ளுங்கள். “என்ன சாப்பிடுது?” என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.